மூர் ராஜா தோற்ற சாயங்காலம்

காலையில் பிடித்த கோட்டையைச் சாயங்காலமே பறிகொடுத்த அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? எனக்கு உண்டு. போன மாதம், இதே கொடைக்கானலில், மாதா கோயில் மைதானத்தில்.

எங்கள் ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் பாதிரியார் ஸ்பெயின் தேசத்துக்காரர். ஒருநாள் என் ஜவுளிக்கடைக்கு வந்தார். அவர் பேசுவது சுத்தமான புத்தகத் தமிழ்.

"காதர் அவர்களே, தாங்கள் எமக்கு அரசராக வேண்டும்."

விஷயம் இதுதான். ஒரு காலத்தில் ஸ்பெயினை மூர்கள் என்ற முஸ்லிம்கள் ஆண்டார்களாம். பிறகு கிறிஸ்தவ ராஜாக்கள் சண்டை போட்டுப் பிடித்துக்கொண்டார்களாம். அதை நினைத்து அவர் ஊரில் வருஷா வருஷம் திருவிழா — பாதி ஊர் மூர் வேஷம், பாதி ஊர் கிறிஸ்தவப் படை. மரக்கோட்டை, வெடி, ஊர்வலம், கத்திச்சண்டை. மாதா திருவிழாவில் அதை இங்கேயும் நடத்த அவருக்கு ஆசை. என்னிடம் ஏன் வந்தார்? எனக்குத் தாடி இருக்கிறது... கடையில் ஜிகினாத் துணியும் இருக்கிறது!

"கடைசியில் தோற்பது நாங்கள்தானே?" என்றேன்.

"ஆம். ஆனால் காலையில் கோட்டையைப் பிடிப்பவர் தாங்களே. மேலும்..." குரலைத் தாழ்த்தினார். "எம் ஊரில் மூர் வேஷத்துக்குத்தான் போட்டி. உடை அவ்வளவு அழகு."

வீட்டில் சொன்னேன். என் மனைவி ஜைனம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தோக்குறதுக்கு ஒரு ஆளு வேணும்னா நம்மதான் கெடைச்சோமாக்கும்? நாளைக்கு பஜார்ல நாலு பேரு என்னங்க பேசுவாங்க?"

நியாயமான கேள்வி. எனக்குள்ளும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பச்சை சாட்டின் அங்கியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன் பாருங்கள் — உறுத்தல் போன இடம் தெரியவில்லை.

எதிர்ப்படைத் தளபதி அருளப்பன். பக்கத்து ரொட்டிக்கடைக்காரர். பருத்த சரீரம். மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிச் செய்த மார்க்கவசத்தைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். அவர் மகளுக்கு வத்தலக்குண்டில் சம்பந்தம் பேசியிருந்தது. சம்பந்தி வீட்டாரை வரவழைத்து, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்த்தியிருந்தார்.

காலையில் நாங்கள் ஜெயித்தோம். சாக்குத் துணி போர்த்திய கோட்டையின் மேல் என் கொடி பறந்தது.

சாயங்காலம் அருளப்பன் படையோடு வந்தார். நானும் அவரும் மரக்கத்தியால் மோத ஆரம்பித்த நேரம்... ஏரிப் பக்கமிருந்து மேகம் இறங்கியது. கொடைக்கானல் மேகம் சொல்லிவிட்டா வரும்? ஒரு நிமிஷத்தில் ஜனங்களையும் காணோம், கோட்டையையும் காணோம். பேண்டு வாத்தியச் சத்தம் மட்டும் கேட்கிறது.

அருளப்பனின் கத்தி கீழே விழுந்தது. அவரும் அப்படியே மண்டி போட்டுவிட்டார். நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற சத்தம்.

"இழுப்பு வந்துருச்சு பாய்..."

"இருங்கண்ணே, ஆளைக் கூப்பிடுறேன்."

என் அங்கியைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்... சம்பந்தி வீட்டுக்காரங்க பாத்துக்கிட்டு இருக்காங்க. நிறுத்திராதீங்க பாய்!"

வேகமாக மார்க்கவசத்தின் முடிச்சுகளை அவிழ்த்தேன். அவரை என் மேல் சாய்த்து உட்காரவைத்தேன். சண்டை நின்றுவிட்டால் ஜனங்கள் உள்ளே வந்துவிடுவார்களே? இரண்டு கத்தியையும் நானே எடுத்து ஒன்றோடொன்று மோதினேன். "விடாதே! பிடி!" என்று மூர் ராஜாவுக்காக ஒரு கத்தல். தளபதிக்காகக் குரலை மாற்றி இன்னொரு கத்தல். நடுநடுவே காதோரமாக, "மெதுவா மூச்சு விடுங்கண்ணே... அவசரமில்லே, மெதுவா..."

மேகத்துக்கு அப்பால் ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். அப்படியொரு பயங்கரமான யுத்தத்தை அவர்கள் கேட்டதே இல்லையாம்!

கொஞ்சம் கொஞ்சமாக விசில் அடங்கியது. கவசத்தைத் தளர்வாகக் கட்டி, அவரைத் தூக்கி நிறுத்தினேன். மேகம் விலகும்போது நான் மண்டியிட்டிருந்தேன். அவர் கை என் தோளில். தோற்ற ராஜாவை மன்னிக்கும் தளபதி என்று ஊர் நினைத்தது. நான் நகர்ந்தால் விழுந்துவிடுவார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு மட்டுமா? கூட்டத்தில் நின்று பார்த்திருந்த ஜைனம்பு, வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "அந்த அண்ணன் கை ஏங்க உங்க தோள்ல அப்படி நடுங்குச்சு?"

நடந்ததைச் சொன்னேன். சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்தாள். "ஆறுறதுக்குள்ள கொண்டுபோய்க் குடுங்க. மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கிற மனுஷன்."

யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்றுதான் சரித்திரம் எழுதுகிறார்கள். அதற்கப்புறம் யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்குக் கஷாயம் போனது என்று யாராவது எழுதுகிறார்களா?

போன வாரம் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நான் அவ்வப்போது கட்டுரை எழுதும் பத்திரிகையில் இதையும் எழுதலாமா என்று அருளப்பனிடம் அனுமதி கேட்டேன்.

"தாராளமா எழுதுங்க பாய். நீங்க எழுதுறதை சம்பந்தி வீட்ல யாரும் படிக்கிறதில்லையாம்!"