ஏலத்தில் ஜெயித்தவரைக் காணவில்லை

இணையத்தில் ஏலம் விடும் தொழிலில் பொருளுக்கு ஆள் பிடிப்பது சுலபம். ஜெயித்த ஆளைப் பிடிப்பதுதான் தொழிலே.

நாணயமோ, ஸ்டாம்போ, பழைய பித்தளைப் பூட்டோ, நீங்களும் எதையாவது இப்படி விற்றுப் பார்த்தவர் என்றால் உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. கிட்டே வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து திட்டலாம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நான் காஞ்சிபுரத்தில் ஓர் அச்சகத்தில் பில் போடும் வேலையில் இருந்தேன். அச்சகத்தை மூடும்போது முதலாளி கையில் பணம் இல்லை. கடைசி நாலு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக ஆறு அட்டைப்பெட்டிகளை லோடு ஆட்டோவில் ஏற்றி உத்திரமேரூரில் என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். உள்ளே முழுக்க அச்சடித்து மிஞ்சிய தீப்பெட்டி லேபிள், சோடா லேபிள், ஊதுவத்தி அட்டை. பிரித்துப் பார்த்துவிட்டு அன்றைக்கு நன்றாக அழுதேன். இதையெல்லாம் காசு கொடுத்து வாங்கிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர்கள் கூடும் இடம் ஒரு வாட்ஸப் குழு. ஞாயிறு மாலை நாலு மணிக்குப் படம் போட வேண்டும். ஐந்து மணிக்குள் யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்குப் பொருள். அவர் புதன்கிழமை நாலு மணிக்குள் பணம் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஏலம் முறிந்தது. இங்கேதான் வில்லங்கம். ஒருவருடைய பொருளுக்கு மூன்று முறை ஏலம் முறிந்தால், விற்பவரே ஆள் வைத்து விலையை ஏற்றுகிறார் என்று அர்த்தமாம். கம்பி நீட்டுவது வாங்கியவர், வெளியே போக வேண்டியது நான்! அந்தக் குழுவை விட்டால் எனக்கு லேபிள் வாங்க வேறு ஆள் கிடையாது. என் நாலு மாத உழைப்பு பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில் போகும்.

சோதனைக்கு ஒரு ரூபாய்

என்னிடம் முதலில் ஜெயித்தவர் ரொம்ப ஜாக்கிரதையான மனிதர். சிங்கப் படம் போட்ட ஊதுவத்தி அட்டைக்கு நானூறு ரூபாய் வரை ஏறினார். "நம்பர் சரியான்னு பாக்க ஒரு ரூபா போட்டிருக்கேன், வந்துச்சா பாருங்க" என்றார். வந்திருந்தது. "வந்துவிட்டது சார்" என்று கும்பிடும் பொம்மையோடு பதில் போட்டேன். மீதிக்காகத் திங்கள் காத்திருந்தேன், செவ்வாய் காத்திருந்தேன். புதன்கிழமை போன் செய்தால் மனிதருக்கு என்னைவிடக் கோபம். அந்தக் கோபத்திலேயே நாலு மணி ஆகி, என் முதல் ஏலம் முறிந்தது.

"வந்துடுச்சுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க? இப்ப மறுபடியும் கேட்டா எப்படி?"

நல்ல நேரம்

ராஜகுளத்தில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர், மயில் படம் போட்ட தீப்பெட்டி லேபிள்களை எடுத்தார். திங்கள்கிழமை கேட்டேன். அஷ்டமி, பணம் வெளியே போகக்கூடாது என்றார். செவ்வாய்க்கிழமை கேட்டேன். செவ்வாய்க்கிழமையில் ஒரு பெண்பிள்ளை இதைக் கேட்கலாமா என்று எனக்கே பாடம் எடுத்தார். புதன்கிழமை காலையில் கூப்பிட்டால் வேறு வேலையாக இருந்தார். பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டால் ராகு காலம் ஆரம்பித்துவிட்டது. நான் போனைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாய் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றரை அடித்து ஒரு நிமிஷத்தில் முழுப் பணமும் வந்து விழுந்தது, கூரியர் செலவு உட்பட. பின்னாலேயே டீச்சரம்மாவின் போனும் வந்தது.

"ராவு காலத்துல அனுப்பிக்கீறனா? இல்ல. நல்ல நேரத்துல வந்துக்கீது, கையில தங்கும் பாரு!"

சட்டைப் பையின் வேலை

இன்னொருவர் ஐந்நூறிலிருந்து ஆயிரத்து நூறு வரை போய், மூன்று பேரைத் தோற்கடித்து, ஒரு சோடா லேபிள் கட்டை எடுத்தார். மறுநாள் கேட்டால் அவர் ஏலமே கேட்கவில்லையாம். போன் சட்டைப் பையில் இருந்ததாம், தானாக அழுந்திவிட்டதாம். தானாக அழுந்திய போன் ஐம்பது ஐம்பதாக ஒழுங்காக ஏறியிருக்கிறது. நடுவில் "கூரியர் செலவு தனியா?" என்று ஒரு கேள்வியும், ஜெயித்த பிறகு ஒரு பூங்கொத்தும் போட்டிருக்கிறது. எல்லாவற்றையும் படம் எடுத்து அவருக்கே அனுப்பினேன். மனிதர் அசரவில்லை. என் கணக்கில் இரண்டாவது ஏலம் முறிந்தது, எனக்கு அன்று சாயங்காலம் காப்பி கூடக் கசந்தது.

"பாக்கெட்டுல போட்டா போன் என்ன வேணாலும் பண்ணும் மேடம், அதுக்கு மனுஷனைப் புடிச்சா எப்படி?"

வீட்டுக்காரர் வசூலுக்கு இறங்கினார்

இரண்டு முறிந்துவிட்டது, இன்னும் ஒன்று முறிந்தால் நான் வெளியே. அடுத்த வாரம் ஜெயித்த செங்கல்பட்டுப் பக்கத்து ஆள் செவ்வாய் வரை போனை எடுக்கவில்லை. புதன்கிழமை காலை எடுத்தார், நான் கத்தினேன். களத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர், "குடு லோகு, நான் பேசறேன்" என்று போனை வாங்கிக்கொண்டார். அவர் பயிர் வைக்கிற ஆள், நெல் வியாபாரிகளிடம் பணம் வாங்கிப் பழக்கம் உண்டு. கறாராகப் பேசுவார் என்று நம்பி உள்ளே போய்விட்டேன்.

முக்கால் மணி நேரம் பேசினார். மழை, போர்வெல் தண்ணீர், உர விலை, அந்த ஆளின் மச்சினனுக்குப் பெண் பார்ப்பது வரைக்கும் போனார். லேபிள் என்ற சொல் மட்டும் வரவே இல்லை. போனை வைத்ததும் "பணம்?" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு அந்த ஆள் பணம் அனுப்பிவிட்டார், அது ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்காரர் அன்று காலை சொன்ன பதில் இதுதான்.

"மோட்டாரு காயில் எரிஞ்சி போயி பேஜார்ல கீறான், அவனப் போயி காசு குடுன்னு எப்பிடி கேக்கறது?"

பெருநகர்க்காரர்

ஐப்பசியில் என்னிடம் இருந்ததிலேயே நல்ல சரக்கை எடுத்து வெளியே வைத்தேன். ஜோடி மாடு போட்ட தீப்பெட்டி லேபிள், தனித்தனியாக வெட்டாத முழுத் தாள். கோயம்புத்தூரில் ஒரு டாக்டரும் எங்களுக்குப் பக்கத்து ஊரான பெருநகரில் ஏகாம்பரம் என்பவரும் மோதினார்கள். டாக்டர் மூவாயிரம் என்றார். ஏகாம்பரம் "மூவாயிரத்து இருநூறு" என்று எழுதி, பக்கத்தில் ஒரு மாட்டுப் பொம்மையும் போட்டார். டாக்டர் ஒதுங்கிவிட்டார். பக்கத்து ஊர்க்காரர் ஜெயித்ததில் எனக்கு ஒரே பெருமை. பெருமை புதன்கிழமை மதியம் வரைதான்.

போன் செய்தேன். "அறுப்பு ஆவட்டும்மா, கொண்டாந்து தரேன்" என்றார், ஏதோ நான்தான் அவசரப்படுகிற மாதிரி. எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழா முடிந்ததும் அம்மனுக்குச் சாத்திய புடவையையும் எலுமிச்சம்பழத்தையும் ஏலம் விடுவார்கள். ஊர் முன்னால் விலை கேட்டு எடுப்பதுதான் கௌரவம். பணத்தை அறுப்பு முடிந்து கொண்டுவந்து சபையில் வைப்பார்கள். அதில் யாரும் ஏமாற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஏகாம்பரம் அண்ணாவுக்கு ஏலம் என்றால் அந்த ஏலம்தான் தெரியும்.

"அண்ணா, நாலு மணிக்குள்ள காசு வர்லன்னா என்னத் தூக்கிடுவாங்க" என்று கெஞ்சினேன். அவர் பதறவே இல்லை.

"நூத்தம்பது பேரு பாக்கசொல்ல கேட்டு எடுத்துக்கீறேன், ஓடியா பூடுவேன்? தையில வந்து நிக்கறேனா இல்லியா பாரு!"

விதி

குழுவை நடத்துகிறவர் கோயம்புத்தூரில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அட்மின் சார் என்போம். கோயில் ஏலம், அறுப்பு, சபை எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். டாக்டருக்கே தாளைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். டாக்டருக்கு என்மேல் நம்பிக்கை போய்விட்டது, வேண்டாம் என்றுவிட்டாராம். அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் தப்பும் சொல்ல முடியாது. மூன்றாவது முறை, அதுவும் ஜெயித்தது பஸ்ஸில் அரைமணி நேரத்தில் இருக்கிற ஊர்க்காரர். அன்றே என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஏமாந்தது நான், ஏமாற்றுக்காரி என்று பேர் வாங்கியதும் நான். அந்த அவமானம் பணத்தைவிட அதிகமாக வலித்தது.

"பெருநகர் உங்களுக்குப் பக்கம்தானுங்களே மேடம்? நான் வேற என்னன்னு நினைக்கிறதுங்க?"

எடைக்கு

தை பிறந்தது. நெல் மூட்டை அடுக்க இடம் வேண்டும், பெட்டிகள் மூலையை அடைத்துக்கொண்டிருந்தன. வீட்டுக்காரர் மூட்டைகளைக் கூடத்தில் அடுக்கிவிட்டு அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்தார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நானே பழைய பேப்பர் கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு பெட்டியைத் திறந்து, மயிலையும் சிங்கத்தையும் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை வண்டி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது நின்றார்.

"கலர் பேப்பருன்னா வெல கம்மிம்மா. வெள்ளப் பேப்பரு எதுனா கீதா?"

சபை

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பைக் வந்து நின்றது. வேட்டியில் இன்னும் வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்த பெரியவரும், கையில் எவர்சில்வர் தட்டோடு அவர் மனைவியும் இறங்கினார்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், மேலே மூவாயிரத்து இருநூறு ரூபாய். ஏகாம்பரம் அண்ணாவை அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன். தட்டை வாங்கக் கை நீட்டினேன், அவர் கொடுக்கவில்லை. "சபையில எடுத்தது, சபையிலதான் வெக்கணும். குரூப்ப தொற" என்றார். என்னைத் தூக்கிவிட்டார்கள் என்று சொன்னேன். அவரையும் தூக்கிவிட்டது அவருக்குத் தெரியாது. மூன்று மாதமாக ஒரு செய்தியும் வராததைப் பார்த்து, எல்லோரும் அவரைப் போல அறுப்பில் இருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

வேறு வழியில்லாமல் அட்மின் சாருக்கு வீடியோவில் போன் போட்டேன். அவர் எடுத்ததும் அண்ணா தட்டைக் கேமராவுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி, பணத்தை ஒவ்வொரு தாளாக எண்ணிக் காட்டினார். பிறகு போனைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "வாக்கு குடுத்தது நானு. பேரு கெட்டது இந்தம்மாவுக்கா? இது இன்னா நாயம் சார்?" என்று கேட்டார். நான் மூன்று மாதமாகக் கேட்க நினைத்து, வாய் வராமல் விழுங்கிய கேள்வி அது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அண்ணாவின் மனைவி என் தோளில் கை வைத்தார்.

அட்மின் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பத்து நிமிஷத்தில் எங்கள் இரண்டு பேரையும் குழுவில் சேர்த்து, தட்டின் படத்தையும் போட்டு, உத்திரமேரூர் மேடத்தின் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எல்லோரும் பார்க்க எழுதினார். ஏகாம்பரம் அண்ணா மாட்டுத் தாளை என்னிடமிருந்து வாங்கினார். மாட்டுக் கொட்டகையில் ஒட்டப் போகிறார் என்று தெரிந்து நான் அலறியதும், அதைக் கண்ணாடி போட்டு மாட்டுவதாக அவர் மனைவி சத்தியம் செய்ததும் தனிக் கதை. பேப்பர் கடைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாலையில் அட்மின் சாரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு குரல் செய்தி வந்தது.

"முப்பது வருஷம் பேங்க்ல கடன் வசூல் பண்ணியிருக்கேனுங்க மேடம், தட்டு வச்சு யாரும் கட்டுனதில்லைங்க."

இப்போதெல்லாம் ஜெயித்தவர் புதன்கிழமை வரை பணம் அனுப்பாவிட்டால் நான் எடுத்ததும் திட்டுவதில்லை, உங்கள் ஊரில் என்ன பயிர், எப்போது அறுப்பு என்று முதலில் விசாரித்துக்கொள்கிறேன்.