விடிந்தால் செவ்வாய்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மிட்டாய்க்கடை மாடியில் திருமணத் தகவல் மையம் இருந்தது. அங்கே கம்ப்யூட்டர் ஆள் நான்தான். கல்யாணமாகாத ஆளும் நான்தான். ஜோசியர் கணித்துக் கொடுக்கும் நட்சத்திரங்களை வைத்துப் பொருத்தம் பார்க்கும் புரோகிராமை எழுதியவனே நான். எழுதியவன் என்ற மரியாதைக்காகக்கூட அது எனக்கு ஒரு வரனைக் காட்டியதில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் மையம் வளர்ந்தது. ஒற்றைக் கம்ப்யூட்டரில் இருந்த பதிவுகளை சர்வருக்கு மாற்ற வேண்டும்; ஜோசியருக்குப் பதில் இனி சர்வரே நட்சத்திரம் கணிக்கும். பழைய கம்ப்யூட்டரில் பிறந்த நேரம் வெறும் எழுத்தாக இருந்தது. எதை அடித்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். சர்வரிடம் அந்தப் பெருந்தன்மை கிடையாது. தேதி என்றால் தேதி, மணி என்றால் மணி. முதல் ஓட்டத்திலேயே ஒரு கூட்டம் பதிவுகளை வாசலில் நிறுத்திவிட்டது. பார்த்தால், எல்லாவற்றிலும் மணிக்குப் பின்னால் ஒரு வால்: ‘2.10, விடிந்தால் செவ்வாய்’ என்பதுபோல. பெற்றவர்கள் சொன்னதை டைப் அடித்தவர் அப்படியே ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருந்தார்.

நான் வாலை நறுக்கினேன். பதிவுகள் சமர்த்தாக உள்ளே போயின.

“ஒரு பிழைகூட இல்ல மேடம்” என்று மையத்தை நடத்தியவரிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அந்த வாரமே அவர் கூப்பிட்டார். “தம்பி, உனக்கே ஒரு பொண்ணு விழுந்திருக்குப்பா! சேலையூர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை. நீ மிருகசீரிடம், அவ அஸ்தம். அமோகமான பொருத்தம்!”

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் சேலையூர் போனோம். பஜ்ஜி வந்தது, பெண் வந்தாள். பஜ்ஜியை மறந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

சர்வர் அச்சடித்த தாளை அவளுடைய அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். “அஸ்தமா? எங்க பொண்ணு சித்திரைங்க.”

என் அம்மாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. மிருகசீரிடமும் சித்திரையும் ஒரே ரஜ்ஜு, அதுவும் சிரசு ரஜ்ஜு. சேர்த்து வைத்தால் கணவன் உயிருக்கு ஆகாது என்பார்கள்.

“கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லாதே” என்றேன்.

“திங்கக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு மேல பொறந்தா. விடிஞ்சா செவ்வாய். பெத்தவளுக்குத் தெரியாதா?”

நறுக்கிய வால் நினைவுக்கு வந்தது. மையத்தில் கொடுத்திருந்தது திங்கட்கிழமைத் தேதி. வால் போனதும் சர்வர் அதைத் திங்கள் அதிகாலை என்று எடுத்துக்கொண்டு, அவளை ஒரு நாள் முன்னதாகவே பிறக்க வைத்துவிட்டது.

உளறிக்கொட்டி அதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

“எங்க எக்ஸ்சேஞ்சுல பன்னண்டு அடிச்சா தேதிய மாத்திடுவோம். எங்கம்மா விடியற வரைக்கும் மாத்த மாட்டாங்க. நீங்க யாரைக் கேட்டு சார் மாத்துனீங்க?”

“யாரையும் கேக்கல.”

“அப்போ இன்னும் எத்தனை பேர இப்படி அவசரமா பொறக்க வச்சிருக்கீங்க?”

பஸ்ஸில் அம்மா சொன்ன ஒரே வாக்கியம்: “இது வேணாம்டா.”

மறுநாள் பழைய பதிவுகளை எடுத்து, வால் இருந்தவற்றுக்கெல்லாம் ஒரு நாள் கூட்டிக்கொண்டே வந்தேன். அவளுடைய பதிவில் விரல் நின்றது. தொடாமல் விட்டால் திரையிலாவது நாங்கள் ஜோடி. ஆனால் பிரசவ வலியில் கிடந்த ஒருத்திக்கு அந்த ராத்திரி முடியவே இல்லை. பன்னிரண்டு மணிக்குக் கடிகாரம் என்ன செய்தால் அவளுக்கென்ன? பழைய கம்ப்யூட்டர் அது புரியாமலேயே பத்திரமாக வைத்திருந்தது. படித்த நான்தான் குப்பை என்று கூட்டித் தள்ளினேன். ஒரு நாள் கூட்டினேன். அஸ்தம் சித்திரையானது. ‘பொருத்தம் இல்லை’ என்று பழைய நண்பனைப்போல வந்து நின்றது.

அவளுக்குப் போன் செய்து, சரிசெய்துவிட்டேன் என்றேன்.

“எல்லாருதையுமா?”

“எல்லாருதையும்.”

“என்னோடதையும்?”

“ம்.”

“சரி, மெஷின் பாத்தாச்சு. இனிமே நாம பாப்போமே” என்றாள்.

அம்மாவைச் சம்மதிக்க வைக்க ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. “சாகப்போறது நான்தானேம்மா” என்ற என் வாதம் அவ்வளவாக எடுபடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும், எனக்குத் தலைவலி என்றால் அம்மா தைலத்தைத் தேடுவதற்கு முன் மருமகளைத்தான் ஒரு பார்வை பார்ப்பாள்.