கடலூரில் இல்லாத மணலா?

2010-ஆம் வருடக் கடைசி. நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அரையாண்டு விடுமுறைக்கு நானும் கணவரும் மாமியாரும் ராஜஸ்தானுக்குச் சுற்றுலா போயிருந்தோம். ஒவ்வோர் ஊராகப் பார்த்துவிட்டுக் கடைசியாக ஜெய்சல்மேர் போய்ச் சேர்ந்தோம். கோட்டை பார்க்கவும் ஒட்டகத்தில் ஏறவும்தான் வந்திருக்கிறோம் என்று மாமியார் நினைத்துக்கொண்டிருந்தார். அங்கே பாலைவனத்தில் ஒரு மாரத்தான் நடக்கப்போகிறது, அதில் ஓட நான் பல வாரங்களுக்கு முன்பே பெயர் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கும் கணவருக்கும் மட்டும்தான் தெரியும்.

எனக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்தது தைராய்டால். டாக்டர் நடக்கச் சொன்னார். கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளிலும் விடியற்காலையில் நடக்க ஆரம்பித்தேன். நடை எப்போது ஓட்டமானது என்று எனக்கே தெரியாது. அப்புறம் கிள்ளை ரோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர் பீச் என்று தூரம் கூடிக்கொண்டே போனது. மாமியாருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. “பால்காரன் கேக்குறான், ஒங்க மருமவ யார தொரத்திக்கிட்டு ஓடுறாங்கன்னு. நான் என்னத்த சொல்றது?” என்பார்.

ஓட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் என் கணவர் மெதுவாக விஷயத்தை உடைத்தார். தலையில் குரங்குக் குல்லா, உடம்பில் இரண்டு ஸ்வெட்டர் என்று கட்டிலில் சுருண்டிருந்த மாமியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“மணல்ல ஓடவா ரயில்ல இவ்ளோ தூரம் வந்தோம்? கடலூர்ல இல்லாத மணலா?”

நான் குனிந்து ஷூவைத் தேடுவதுபோல் பாசாங்கு செய்தேன். பேசினால் சிரித்துவிடுவேன் போலிருந்தது.

மறுநாள் காலையில் கை விறைக்கும் குளிர். ஊருக்கு வெகுதூரத்தில் ஒரு சின்னக் கிராமத்தின் அருகே பந்தல் போட்டு, துணியால் ஒரு வளைவு கட்டியிருந்தார்கள். ஓட்டம் அங்கேதான் தொடங்கும், சுற்றிவந்து அங்கேதான் முடியும். பட்டாளத்துக்காரர்கள் மாதிரி கட்டுமஸ்தான ஆட்கள், சில வெள்ளைக்காரர்கள், உள்ளூர் இளைஞர்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்கள். சுடிதாரும் ஷூவுமாக நான். மதியம் குறிப்பிட்ட நேரத்துக்குள் வராதவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவோம் என்று மைக்கில் சொன்னார்கள். “அத்தை, போயிட்டு வரேன்” என்றேன். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “பாத்துப் போ” என்றார்.

முதல் பாதி சொர்க்கம். இறுகிய மண்பாதை. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டியவரை ஒன்றுமே இல்லை. தூரத்தில் காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றின. சூரியன் எழும்ப எழும்ப மணலின் நிறம் மாறிக்கொண்டே இருந்தது. வயலும் வாய்க்காலும் பார்த்தே வளர்ந்தவள் நான். அவ்வளவு பெரிய வெறுமையைப் பார்த்ததும் எனக்கு ஏனோ பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. வாய்விட்டுப் பாடிக்கொண்டே ஓடினேன். கேட்க ஆள் இல்லையே!

அதற்குப் பிறகு மணல்மேடுகள் வந்தன. கடலூர் பீச்சில் ஓரமாக ஈரமணலில் ஓடலாம். இங்கே ஏது ஈரம்? ஒரு கால் வைத்தால் கணுக்கால்வரை புதையும். அதை இழுப்பதற்குள் அடுத்த கால் புதையும். ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. பின்னால் உறுமிக்கொண்டு வந்த ஜீப்பைப் பார்த்ததும்தான் புரிந்தது, நான்தான் கடைசி.

ஜீப் ஓட்டியவர் பெரிய மீசையும் சிவப்புத் தலைப்பாகையுமாக இருந்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, “ஆயியே மேடம், பைட்டியே” என்று ஏறி உட்காரச் சொன்னார். நான் கையை ஆட்டி மறுத்தேன். விடவில்லை, கூடவே ஊர்ந்து வந்தார். குதிகாலில் கொப்புளம் உடைந்து எரிந்தது. நேரமும் முடிந்துவிட்டது. நான் போய்ச் சேரும்போது அங்கே பந்தலும் இருக்காது, வளைவும் இருக்காது. யாருக்காக இந்த ஓட்டம் என்று தோன்றிவிட்டது. கண்ணில் நீர் முட்டியது. நின்றேன். ஜீப்பின் கம்பியில் கையும் வைத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அவருடைய வயர்லெஸ் கரகரத்தது. யாரோ இந்தியில் படபடவென்று பேசினார்கள். பின்னணியில் ஒரே கூச்சல். கேட்கக் கேட்க மீசைக்காரர் முகத்தில் சிரிப்பு பரவியது. வயர்லெஸ்ஸை வைத்துவிட்டு என் முகத்துக்கு நேராகவே கதவைச் சாத்திவிட்டார்.

“நோ காடி, மேடம்! மாஜி… மாஜி! ரன்!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காடி என்றால் வண்டி, மாஜி என்றால் அம்மா என்ற அளவுக்குத்தான் தெரியும். எந்த அம்மா? கேட்க எனக்கு இந்தி வராது, சொல்ல அவருக்கு இங்கிலீஷ் போதாது. ஆனால் கதவைச் சாத்திய பிறகு ஓடுவதைத் தவிர வேறு வழி? ஓடினேன். அவர் ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தார். வழியில் குளத்திலிருந்து தண்ணீர் எடுத்துப்போன பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முக்காடு விலகுவதைக்கூடப் பார்க்காமல் வளையல் குலுங்க என்னோடு கொஞ்ச தூரம் ஓடிவந்தாள். இரண்டு பேரும் மூச்சு வாங்கச் சிரித்தோம்.

கடைசி மேட்டில் ஏறிப் பார்க்கிறேன், வளைவு அப்படியே நிற்கிறது! பந்தலில் பாதியைத்தான் பிரித்திருந்தார்கள். வளைவின் கம்பத்தை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் குரங்குக் குல்லாவோடு என் மாமியார், ஒரு கையால் கம்பத்தைப் பிடித்தபடி. சுற்றிலும் பந்தல்காரர்கள் மணலில் உட்கார்ந்து, சிதம்பரத்திலிருந்து அவர் டின்னில் கொண்டுவந்த முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்ததை என் கணவர் அப்புறம் சொன்னார். நேரம் முடிந்ததும் வளைவைக் கழற்ற ஆட்கள் வந்திருக்கிறார்கள். மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கம்பத்தைப் பிடித்துக்கொண்டாராம்.

“எம் மருமவ இன்னும் வரல. தேரு நெலைக்கு வர்றதுக்குள்ள பந்தலப் பிரிக்கிறீங்களே, ஒங்களுக்கே நல்லாருக்கா?”

அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. “அம்மா, வுடும்மா, அவுங்க வேலைய பாக்கட்டும்” என்று கெஞ்சிய மகனுக்கும் ஓர் அதட்டல். ஜீப்பில் ஏற்றி வந்துவிடுகிறோம் என்று ஒருவர் சைகையில் சொல்லியிருக்கிறார். “ஜீப்புல வரதுக்கா அவ தெனம் இருட்டுல எழுந்து ஓடுனா? ஓடியே வருவா. அதுவரைக்கும் இத தின்னுங்க” என்று டின்னைத் திறந்துவிட்டாராம். உடனே வயர்லெஸ்ஸில் மீசைக்காரருக்குச் செய்தி போயிருக்கிறது.

என்னைக் கண்டதும் மாமியார் எழுந்தார். “வாம்மா, வா! வந்துட்டா பாரு!” என்று கத்திக்கொண்டே செருப்பை உதறிவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்தபடி மணலில் என்னை நோக்கி ஓடிவந்தார். வீதியில் பெண்கள் ஓடினால் ஊர் என்ன பேசும் என்ற அதே மனுஷி! என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக வளைவுக்குள் நுழைந்தோம். பந்தல்காரர்கள் கைதட்டினார்கள், மீசைக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் அழுதேனா சிரித்தேனா என்று சொல்லத் தெரியவில்லை.

“நீ ஏம்மா ஓடுன?” என்று கேட்டார் என் கணவர்.

“யாருடா ஓடுனா? வேகமா நடந்தேன்” என்றார் மாமியார், மூச்சு வாங்கிக்கொண்டே.

அதன் பிறகு எத்தனையோ ஓட்டங்கள் ஓடிவிட்டேன். ஆனாலும் எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் எல்லோரும் ஜெயித்த பிள்ளையைச் சுற்றிக் கூடியிருக்கும்போது, எல்லாருக்கும் பின்னால் தள்ளாடி வரும் பிள்ளையின் பெயரைச் சொல்லி நான் மட்டும் முடிவுக்கோட்டருகே நின்று கத்திக்கொண்டிருப்பேன். நமக்காக ஓர் ஆள் காத்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் கால்களுக்கு எங்கிருந்து அத்தனை பலம் வருகிறது என்பதை, கடைசியாக வந்தவளாகிய எனக்குத்தானே தெரியும்!