கோரா ஹாலிஸ் எழுதிய பலூன்கள்

போன வாரம் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகளோடு இங்கே நியூஜெர்சியில், பார்சிப்பனியில் ஓவியச் சாமான் கடைக்குப் போயிருந்தேன். அவளுக்கு ஏதோ தூரிகை வேண்டுமாம். அலமாரி அலமாரியாக மேய்ந்துகொண்டிருந்த நான், மாதிரிக்குத் திறந்து வைத்திருந்த ஒரு கறுப்பு மசிப் புட்டியை எடுத்து மூக்கருகே கொண்டுபோய்விட்டேன். "அம்மா, ஸ்டாப் ஸ்மெல்லிங் இட். பீப்பிள் ஆர் லுக்கிங்" என்றாள் மகள். பார்க்கட்டுமே. எனக்கும் ஒரு காலத்தில் ஒரு வேலை இருந்தது என்பதற்கு மிச்சமிருக்கும் அத்தாட்சி அந்த வாசனைதான்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு காமிக்ஸ் பத்திரிகையில் பலூன் எழுதினேன். சிரிக்காதீர்கள். படக்கதையில் ஆட்கள் பேசுவது தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள் இருக்கும் இல்லையா, அதற்குப் பெயர் பலூன். வெளிநாட்டுக் கதைகளை வாங்கி, பலூனுக்குள் இருக்கும் ஆங்கிலத்தை வெள்ளை பூசி மறைத்து, மேலே நிப்புப் பேனாவால் தமிழை எழுத வேண்டும். ஆங்கிலத்தில் 'நோ' என்று கத்திவிட்டுப் போகிறவன் தமிழில் 'முடியவே முடியாது' என்பான். அதற்காக பலூன் பெரிதாகிவிடாது. "ஏம்மா, மூச்சு முட்டுது பாரு" என்பார் எடிட்டர் என் மேஜையைக் கடக்கும்போதெல்லாம். மூச்சு முட்டாமல் எழுதப் பழகிக்கொண்டேன். என் பெயர் எங்கேயும் அச்சாகாது. அச்சாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.

தொண்ணூற்றெட்டில் கல்யாணமாகி கலிஃபோர்னியாவில் டப்ளினுக்கு வந்தேன். கணவர் சுந்தர் சான் ஹொசேயில் சாஃப்ட்வேர் எஞ்சினியர். காலை ஏழு மணிக்கு ஃப்ரீவேயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். என் விசாவில் வேலைக்குப் போகக்கூடாது. கார் ஓட்டத் தெரியாது. அபார்ட்மென்டில் ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம், அது நிற்கிற சத்தம், இரண்டும் எனக்கு அத்துப்படி. ஏதாவது விற்பதற்காக போன் செய்கிறவர்களிடம் ஊரில் மழையா வெயிலா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அவர்களே பொறுமையிழந்து வைத்துவிடுவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ரயில் நிலையம் இருந்தது. ஒருநாள் டிக்கெட் எடுத்து ஏறி உட்கார்ந்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாது. ஓக்லாண்ட் நடுவூரில் கூட்டமாக இறங்கினார்கள், நானும் இறங்கினேன். பிறகு ஒரு பிறந்தநாள் விருந்தில் இதைச் சொன்னபோது ராஜி ஆன்ட்டி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஓக்லாண்டுக்கா? தனியாவா? அங்க ஃபுல்லா அவங்கதாம்மா." அவங்க என்று கறுப்பின மக்களைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். அவரும் என்னைப் போல நல்ல கறுப்பு.

இறங்கி நடந்தபோது ஒரு பழைய கட்டடத்தின் ஜன்னலில் பெரிதாக்கிய காமிக்ஸ் கட்டம் ஒன்று ஒட்டியிருந்தது. தொப்பியும் சீருடையும் போட்ட ஒரு கறுப்பு மனிதர், படுக்கை வசதி ரயில்பெட்டியின் பணியாளர், யாரோ ஒரு பயணியின் பெட்டியைத் தூக்கியபடி நிற்கிறார். தொழில் புத்தி, நான் முதலில் பார்த்தது அவரை அல்ல, அவர் தலைக்கு மேலிருந்த பலூனைத்தான். நான்கு வரி. ஒவ்வொரு எழுத்தும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. இதை எழுதியவர் பெரிய கை என்று நினைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன்.

அது கறுப்பின மக்களின் வரலாற்றுக்கும் கலைகளுக்குமான ஓர் ஆய்வு நூலகம். பென்சில் மட்டும்தான் அனுமதி. மேஜையிலிருந்த டெனிஸ் என்ற நூலகர், என் வயதுதான் இருக்கும், ஒரு படிவத்தை நீட்டினார். 'ஆய்வுப் பொருள்' என்ற இடத்தில் என்ன எழுதுவது? 'பலூன்' என்று எழுதினேன். டெனிஸ் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பார்ட்டிக்குக் கட்டுற பலூனா?" என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டார். நான் விளக்கினேன். அமெரிக்காவுக்கு வந்து அன்றுதான் பத்து வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரத்திலிருந்து செவ்வாயும் வியாழனும் அங்கே வாலன்டியர். மறு பிப்ரவரியில் கறுப்பினப் பத்திரிகைகளில் வந்த காமிக்ஸுக்காக ஒரு கண்காட்சி வைக்கத் திட்டம். அதற்காக ஹாலிஸ் என்ற மறைந்த ஓவியரின் பெட்டிகள் வந்திருந்தன. அந்த ரயில் பணியாளர் கதை அவருடையது. வாராவாரம் பயணிகள் அந்தப் பணியாளரை வாய்க்கு வந்த பெயரில் கூப்பிடுவார்கள், அவர் திருத்தவே மாட்டார். கடைசிக் கட்டத்தில் வீட்டுக்கு வந்ததும் மனைவி மட்டும் சரியான பெயரில் கூப்பிடுவாள். அவ்வளவுதான் கதை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பகல் முழுக்கத் தனியாக இருப்பவர்களுக்குத் தெரியும்.

கண்காட்சியின் முதல் கண்ணாடிப் பெட்டியில், அதற்கு முந்தைய காலத்தில் மற்றவர்கள் கறுப்பின மக்களை எப்படி வரைந்தார்கள் என்று காட்டும் பக்கங்களை அடுக்கினோம். தடித்த உதடு, உருட்டிய கண், கையில் முரசு. டெனிஸ் எடுத்துக் கொடுத்த ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த முகம். இதே போன்ற ஆட்கள் வரும் காட்டுக் கதைகளுக்கு நான் பலூன் எழுதியிருக்கிறேன். 'ஊகா! ஊகா!' என்று, கொட்டை எழுத்தில், அழகாக. டெனிஸிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை ஹாலிஸின் பக்கங்களைக் கால வரிசைப்படி பரப்பி வைத்திருந்தேன். ஆரம்ப வருடங்களில் பலூனுக்குள் எழுத்து இடித்துப் பிடித்துக்கொண்டு நின்றது. ஓர் இடத்துக்குப் பிறகு சட்டென்று மாறிவிட்டது. 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தின் கால் வெளியே நீண்டு லேசாக வளைந்தது. பழகப் பழக எழுத்து தேறும், சரி. ஆனால் கை மாறாது. பேனா பிடிக்கும் கோணம் மாறாது. இது வேறு ஆள்.

டெனிஸைக் கூப்பிட்டேன். பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"எனக்கு நீ சொல்றது புரியுது. ஆனா பெட்டியோட வந்த பேப்பர்ல எல்லாமே அவர் பேர்லதான் இருக்கு. ஆதாரம் வேணும்."

"ஆதாரம் இதுதானே?" என்றேன், 'ஆர்' மேல் விரலை வைக்காமல் நீட்டி.

"இது உன் கண்ணு" என்றார் டெனிஸ். கோபமாகச் சொல்லவில்லை. விளக்க அட்டைகள் எல்லாம் ஹாலிஸின் பெயர் மட்டும் போட்டு அச்சாகிவிட்டன.

திறப்புக்கு இரண்டு நாள் முன்பு ஹாலிஸின் மனைவி கோரா பார்வையிட வந்தார். எண்பதை நெருங்கும் வயது, ஊதா நிறத் தொப்பி, கைத்தடி. ஒவ்வொரு பெட்டியாக நின்று கணவரின் படங்களைப் பார்த்தார். டெனிஸ் ஒரு போன் வந்து உள்ளே போன நேரத்தில் வீட்டிலேயே இருந்த அந்த இன்னொரு கை இவருடையதாக இருக்குமோ என்று தோன்றி நான் கிட்டே போனேன்.

"மேம், இந்த எழுத்து... பலூனுக்குள்ள இருக்கிறது... நீங்களா எழுதினது?"

அவர் என் காதோரம் செருகியிருந்த பென்சிலைத் தானே எடுத்து, கையிலிருந்த அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஓர் 'ஆர்' போட்டார். அதே போல் கால் நீண்டு வளைந்தது.

"இதைத்தானே கேக்குற? அவருக்கு ஸ்பெல்லிங் வராது, ஹனி. ஒரு வாரம் காய்ச்சல்ல கிடந்தார், நான் எழுதிக் கொடுத்தேன். அப்புறம் அவர் பேனாவைத் திருப்பி வாங்கவே இல்ல. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்ல."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார். சொன்னேன். பலூன் எழுதியதைச் சொன்னபோது 'ஊகா'வும் சேர்ந்து வந்துவிட்டது. அதை மட்டும் விழுங்கிவிட்டுப் பேச அந்த முகத்தின் முன்னால் முடியவில்லை. கோரா கைத்தடியை ஊன்றி என் பக்கம் திரும்பினார்.

"எழுத்து நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு, மேம்."

"அதுதான் கொடுமை" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த பெட்டிக்கு நடந்தார்.

டெனிஸிடமும் கோரா தானே அதைச் சொன்னார். அச்சகத்தில் திரும்ப அட்டை அடிக்க நேரமில்லை. டெனிஸ் ஒரு வெள்ளை அட்டையும் மசிப் புட்டியும் வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். 'எழுத்து: கோரா ஹாலிஸ்.' மூன்றே சொல். நான்கு அட்டைகளைக் கெடுத்து ஐந்தாவதில் எழுதி முடித்தேன்.

சனிக்கிழமை மதியம் திறப்பு. சுந்தர் வருவதாகச் சொல்லியிருந்தார். "ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கு, முடிச்சிட்டு நேரா அங்க டிரைவ் பண்ணி வந்துடறேன்" என்று. கூட்டம் நிறைய, இசை, பேச்சு, சிரிப்பு. கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். சுந்தர் வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் வேலையையும் விசாவையும் காப்பாற்ற வேண்டியிருந்தது. எல்லோரும் ஓவியரின் படத்தைச் சுற்றி நின்றார்கள். கோரா மட்டும் சுவரோரம் ஒரு நாற்காலி போட்டு, அந்த அட்டைக்கு நேராக உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். நான் போய் உட்கார்ந்தேன். கிளம்பும்போது என் பெயரைக் கேட்டார். "பூங்குழலி" என்றேன். "இன்னொரு தரம் சொல்லு" என்றார். மூன்றாம் தடவையில் 'ழ' உட்படக் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிட்டு, "ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பிட வா" என்று விலாசம் எழுதிக் கொடுத்தார். நூலகத்திலிருந்து ஆறு தெரு தள்ளித்தான் வீடு.

போகிறேன் போகிறேன் என்றே நாள் போயிற்று. பிறர் வீட்டு மேஜையில் தனியாக உட்கார்ந்து ஆங்கிலத்தில் என்ன பேசுவது என்ற கூச்சம்தான், வேறு காரணம் சொன்னால் பொய். பிறகு மகள் வயிற்றில் வந்தாள், ரயில் வாசனையே ஆகாமல் போயிற்று. அப்புறம் சுந்தரின் கம்பெனி மூடியது. நியூஜெர்சியில் கிடைத்த வேலைக்காக இரண்டே வாரத்தில் பெட்டி கட்டினோம். இங்கே வந்தபின் டெனிஸிடமிருந்து ஒரு கார்டு வந்தது. கோரா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று ஒரு வரி.

பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனபோது ஓக்லாண்டில் இறங்கினேன். நூலகம் இருந்த கட்டடத்தில் உடற்பயிற்சிக் கூடம் நடந்தது. டெனிஸ் எங்கே என்று சொல்ல ஆள் இல்லை. ஹாலிஸின் பெட்டிகள் ஒரு பெரிய பல்கலைக்கழகக் கிடங்குக்குப் போய்விட்டன. பக்கங்களை இப்போது வீட்டிலிருந்தே திரையில் பார்க்கலாம், அந்த 'ஆர்' உட்பட. கீழே விவரத்தில் ஓவியர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. நான் எழுதிய அட்டையை யாரும் பெட்டியில் போட்டு அனுப்பவில்லை போலிருக்கிறது. ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது: இதற்கு ஆவணம் ஏதும் இருக்கிறதா?

என்னிடம் ஒன்றும் இல்லை. 'ஆர்' போட்ட அழைப்பிதழைக் கோரா கையோடு கொண்டுபோயிருந்தார். விலாசம் எழுதித் தந்த காகிதம்கூட வீடு மாற்றும்போது தொலைந்துவிட்டது. ஆறு தெருதான். ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை போயிருக்கலாம்.