ஜிம்மியின் சடை

ஜிம்மியை வெயில் கொல்லவில்லை. நான்தான் கொன்றேன்! கொன்றுவிட்டு, பழியை என் தங்கையின் தலையில் போட்டேன்.

ஒரு நாய்தானே என்று நீங்கள் சொல்லக்கூடும். தயவுசெய்து சொல்லாதீர்கள். அதை நானே எனக்குச் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டேன்.

என் தங்கை கிரேஸ் கொடைக்கானலில் நர்ஸாக இருந்தாள். ஊர் திரும்பிய வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் தம் நாயை அவளிடம் விட்டுப் போனார். வெள்ளை வெளேரென்ற சடை நாய். கழுத்தைச் சுற்றிக் கம்பளி போர்த்தியதுபோல் முடி. பிறகு கிரேஸுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு வடக்கே ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை. அங்கே நாய் வைத்துக்கொள்ள அனுமதி இல்லையாம்... சிவகாசிக்குக் கொண்டுவந்து என்னிடம் விட்டாள்.

என்னிடம் ஏற்கெனவே அப்பா இருந்தார். பக்கவாதம் விழுந்து, பேச்சும் வலப்பக்கமும் போய், முற்றத்தைப் பார்த்த ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். அவரை யார் பார்ப்பது என்று எங்கள் வீட்டில் எவரும் கேட்கவே இல்லை. கேட்பானேன்? நான்தான் இருக்கிறேனே! கல்யாணம் ஆகாதவள், பள்ளிக்கூட டீச்சர், மூத்தவள்!

கிளம்புகிற அன்று கிரேஸ் வாசலில் உட்கார்ந்து ஜிம்மிக்குச் சீவிக் காட்டினாள். சீப்பில் பஞ்சு பஞ்சாக வந்தது.

"அக்கா, வெயிலா இருக்கேன்னு முடியை மட்டும் வெட்டிராத. மேல இருக்க முடிதான் வெயிலைத் தடுக்கும். அடியில பஞ்சு மாதிரி இன்னொன்னு இருக்கு பாரு, அதைத்தான் சீவி எடுக்கணும். எடுத்துட்டா காத்து உள்ள போகும். வெட்டினா தோலு வெந்துரும்க்கா."

"எனக்கே சொல்லித் தாரியாக்கும்?"

சிரித்தாள். அவளுக்கென்ன, சிரிக்கலாம்! ரயிலில் ஏறப்போகிறவள் அல்லவா?

விடியலில் எழுந்து அப்பாவைத் துடைத்து, வேட்டி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடுவேன். வழியெல்லாம் முற்றங்களில் தீக்குச்சி காயும். எங்கள் ஊரில் வெயிலை யாரும் திட்டமாட்டார்கள். அது சோறு போடுகிற வெயில். சாயங்காலம் திரும்பினால் மறுபடி அப்பா. அதற்கப்புறம்... நாய்க்குத் தலை சீவ வேண்டும்! கொஞ்ச நாள் சீவினேன். பிறகு விட்டுவிட்டேன். உதிர்ந்த முடி அடியிலேயே திரண்டு, சிக்குப் பிடித்து, ஜிம்மி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டே கிடந்தது.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், அப்பாவின் கஞ்சியில் ஒரு முடிக்கொத்து மிதந்தது.

அவ்வளவுதான். தையல் கத்திரியை எடுத்தேன்.

வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்றுதான் வெட்டினேன் என்று சொல்ல இப்போதும் நாக்குத் துடிக்கிறது. பொய்! கிரேஸ் வேண்டாம் என்றாள், அதனாலேயே வெட்டினேன். அவளுடைய பட்டுப்புடவை, அவளுடைய ரயில், அவளுடைய சிரிப்பு... எல்லாவற்றையும் வெட்டினேன். கத்திரி போதவில்லை. அப்பாவின் சவரக்கத்தியை எடுத்து ஒட்ட வழித்தேன். ஜிம்மி அசையாமல் நின்றது. நடுவில் ஒருமுறை என் மணிக்கட்டை நக்கியது. நக்கியபோதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டாமா?

முடிக்குக் கீழே இருந்தது எலிக்குஞ்சின் தோல். இளஞ்சிவப்பு. வெயில் என்பதையே அறியாத தோல்! அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ முனகினார். "சும்மா கெடங்கப்பா!" என்று கத்தினேன்.

மறுநாள் வேதக்கோவிலில் உச்சிப்பொழுது பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை மும்மணி ஆராதனை. முற்றத்து முருங்கை மரத்தில் ஜிம்மியைக் கட்டி, மண்சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனேன். முருங்கை நிழல் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அந்த வீட்டிலேயே வளர்ந்த எனக்குத் தெரியாதா? சிலுவையின் தாகத்தைப் பற்றிப் பாதிரி ஐயர் பிரசங்கித்தபோது நான் அழுதேன். உண்மையாகவே அழுதேன்!

திரும்பி வந்தேன். முற்றம் முழுவதும் சாமான்கள். அப்பாவின் தம்ளர், விசிறி, மருந்துப் புட்டி, கஞ்சிக் கரண்டி... எழ முடியாத மனிதர், கூப்பிட முடியாத மனிதர், ஜிம்மி வேகிறதைப் பார்த்துக்கொண்டே, கைக்கு எட்டியதையெல்லாம் தெருக்கதவை நோக்கி வீசியிருக்கிறார். யாராவது கேட்டு வரமாட்டார்களா என்று. இடக்கை விரல்கள் ஜன்னல் கம்பியில் இடித்து இடித்து ரத்தம் கசிந்திருந்தன. தெருவில் ஒருவரும் இல்லை. பாதிப்பேர் தீப்பெட்டிக் கம்பெனியில், மீதிப்பேர் என்னோடு கோவிலில்.

சட்டி கவிழ்ந்து கிடந்தது. ஜிம்மியின் முதுகெங்கும் கொப்புளம். தண்ணீர் ஊற்றினேன், ஈரச் சாக்கைப் போர்த்தினேன். பொழுது சாயும்போது அதன் மூச்சு நின்றது.

கிறிஸ்துமஸுக்குக் கிரேஸ் வந்தாள். பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே, "ஜிம்மி எங்கக்கா?" என்றாள்.

"செத்துப்போச்சு. வெயில் தாங்கல. ஏட்டி, மலையில கெடந்த நாயை இந்த வேக்காட்டுல கொண்டாந்து விட்டா வேற என்ன ஆகும்? நீதானே கொண்டாந்த?"

அவள் முகம் சுண்டிப்போனது. "நான்தான்கா கொன்னுட்டேன்..." என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கட்டிலில் அப்பா துடித்தார். "மு... மு..." என்றார். முடி என்கிறார்! எனக்குப் புரிந்துவிட்டது.

கிரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மூத்திரம் வருதாப்பா?" என்று பாத்திரத்தை எடுத்துவந்தாள். அப்பா என்னையே பார்த்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்தார். அதுவரை என் கையால்தான் கஞ்சி குடித்தார்; குடிக்கும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

சில ஆண்டுகள் கழித்துக் கிரேஸ் தன் மகளோடு வந்திருந்தாள். தெருவில் நாய்க்குட்டி ஒன்றைப் பார்த்து அந்தப் பிள்ளை அடம்பிடித்தது.

"வேண்டாம்மா. அம்மா ஏற்கெனவே ஒன்னக் கொன்னிருக்கேன். நமக்கு நாய் ஆகாது" என்றாள் கிரேஸ், சோறு பிசைந்துகொண்டே, குரல் மாறாமல். அப்படிச் சொல்ல அவளுக்குப் பழகிப்போயிருந்தது!

பிள்ளை என்னிடம் ஓடிவந்தாள். "பெரியம்மா, நீங்க சொல்லுங்க பெரியம்மா!"

வாய் திறந்தேன். இதோ சொல்லிவிடப் போகிறேன் என்றுதான் திறந்தேன், நம்புங்கள்.

"உங்கம்மா சொல்றதைக் கேளு" என்றேன்.

இப்போதும் எனக்குக் கோபம்தான். என்மேல்... அதைவிடக் கிரேஸின்மேல். உயிர்களைப் பார்த்துக்கொள்ளப் படித்தவள் நீ! எப்படிச் செத்தது, எங்கே கட்டியிருந்தாய், முடியை என்ன செய்தாய் என்று ஒரு கேள்வி கேட்டாயா? ஏன்டி என்னை அப்படி நம்பினாய்?