பாலாடையில் ஊற்றிய விளக்கெண்ணெய்

தாலுகா அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். எதற்கும் ஒரு நடைமுறை உண்டு என்று நம்பியவன். பிரசவத்துக்காக மகள் வடகவுஞ்சியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு மாதப் பேத்திக்குத் தாய்ப்பால் மட்டும்தான். ஆறு நாளாக அவள் மலம் கழிக்கவில்லை என்பதைத் தேதிவாரியாக நோட்டில் குறித்திருந்தேன். ஏழாம் நாள், மகள் குளிக்கப் போன நேரத்தில், பால் புகட்டும் பாலாடைச் சங்கில் விளக்கெண்ணெய் ஊற்றிப் புகட்டினேன்.

குழந்தைக்குப் புரையேறி முகம் நீலம் பாரித்தது. ஓடி வந்த மகள் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினாள். அழுகை வருவதற்குள் என் உயிர் போய் வந்தது.

"தேதி தவறிருச்சுன்னு மெமோ குடுக்க இதென்ன ஒங்க ஆபீசாப்பா?" என்று அழுதாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். நெஞ்சைச் சோதித்த டாக்டர், பயமில்லை என்றார். நர்ஸ் எடை பார்த்தார்.

"நல்லாக் குடிக்குது, ஒண்ணுக்குப் போகுது, எடையும் ஏறுது, வயிறு மெத்துனு கெடக்கு. இந்த வயசுல தாய்ப்பால் பிள்ளைக ஒரு வாரம்கூடப் போகாம இருக்கும்ங்க. பொறந்த மொத மாசம்னா வேற, ஒடனே காட்டணும். வாந்தி, வயிறு உப்பல், பால் குடிக்கலைன்னாலும் வெரசா வாங்க. எண்ணெய்ச் சோலி மட்டும் வேணாம்ங்கய்யா."

மறுநாள் யார் உத்தரவும் இல்லாமல் பேத்தி என் வேட்டியிலேயே இளகலாகப் போனாள்.

இப்போது எதுவானாலும் முதலில் நர்ஸைத்தான் கேட்கிறேன். மகள் இன்னும் குழந்தையை என்னிடம் தனியாக விடுவதில்லை. அதற்கு மேல்முறையீடு செய்யும் நடைமுறை எனக்குத் தெரியவில்லை.