அண்ணா பெயர் போடாத பாட்டுகள்

சித்தப்பா, அண்ணாவின் பாட்டுகளை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்தது நீங்கள்தான். அண்ணாவின் இந்த நினைவு மலருக்கு நீங்கள் எழுதித் தந்த குறிப்பில் அண்ணாவைப் ‘பணிவான வீட்டு வேலையாள்’ என்று மட்டும் போட்டிருந்தீர்கள். அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அண்ணா திருகோணமலையில் பிறந்தவர். அப்பா யாழ்ப்பாணத்தார். அம்மாவின் ஆட்கள் முன்னொரு காலம் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்கள் வீட்டு விசேஷங்களில் போத்தலில் கரண்டியால் தட்டி, சிரட்டை அடித்துப் பாடுவார்கள். பள்ளியில் அண்ணாவின் சுருட்டை முடியை இழுத்துப் பகிடி பண்ணினார்கள். அவர் அந்தத் தாளத்தை விடவில்லை. துறைமுகக் கடையில் வாங்கிய பழைய ஜாஸ் தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டார். ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வரும்போது, “எங்கடை மாமிமார் கதைக்கிற மாதிரியெல்லோ இருக்கு” என்று சிரிப்பார்.

சண்டை துரத்தி இத்தாலிக்கு, பலேர்மோ நகருக்கு வந்தோம். ஸ்தாசியோனே என்கிற ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரே வீட்டில் ஏழு பேர். ஒருவருக்கும் பெர்மெஸ்ஸோ, அதுதான் தங்குவதற்கான அனுமதி, இல்லை. படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் மூச்சை அடக்குவோம். அண்ணா வேலை செய்த வீட்டுக்கார அம்மா, அந்த சிஞ்ஞோரா, பூசைக்குப் போகும் நேரங்களில், அவவின் பியானோ முன்னால் உட்கார்ந்து, அம்மாவின் தாளத்தைப் பழைய ஜாஸ் நடையில் வைத்துப் பாட்டுகள் அமைத்தார். எழுதிய தாள்களை, கபோ சந்தையில் வாங்கிய கத்தரிக்காய்க்கு அடியில் ஒளித்துக் கொண்டுவருவார்.

நீங்கள் ஒரு வாத்தியக்குழுத் தலைவரின் வீட்டைத் துப்புரவாக்கினீர்கள். தாள்களை அவரிடம் கொண்டுபோனீர்கள். எழுதியவர் யார் என்று அவர் கேட்டார். வீட்டுக்கு வந்து அண்ணாவிடம் என்ன சொன்னீர்கள்?

“உன்ரை பேரை நோட்டீசிலை போட்டுச் சுவரிலை ஒட்டினால், பெர்மெஸ்ஸோ பாக்கிற கெஸ்தூராப் பொலிஸ் இஞ்சை வரும். ஏழு பேரும் போவம். அந்தத் தலைவரின்ரை பேரே இருக்கட்டும்.”

“ஓம், சித்தப்பா” என்றார் அண்ணா. வேறென்ன சொல்வார்?

ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடையில் அந்தக் குழு வாசித்தது. அன்று அண்ணாவும் நானும் அங்கே கோப்பை கழுவினோம். “என் புதுப் படைப்பு” என்றார் தலைவர்.

“அண்ணா, அது உங்கடையெல்லோ?”

“மெல்லக் கதை பிள்ளை. வாசலிலை காரபினியேரிப் பொலிஸ்காரங்கள் நிக்கிறாங்கள்.”

“அவங்கள் மீன் தின்ன வந்தவங்கள்.”

“திண்டு முடிய என்ன செய்வாங்களோ, ஆருக்குத் தெரியும்?”

என் குரல் வெளியே கேட்காதபடி தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டார்.

பிறகு எல்லோருக்கும் பெர்மெஸ்ஸோ வந்தது. அண்ணாவின் பயம் போகவில்லை. நெஞ்சு வருத்தம் வந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து நாள் கடத்தினார். கடைசியில் போனபோது, பெயர் கேட்ட தாதிக்குக்கூட அதைக் குசுகுசுத்தார். ஒன்பதாம் நாள் எங்களை விட்டுப் போய்விட்டார்.

அடுத்த மாதம் அந்தத் தலைவர் அண்ணாவின் பாட்டுகளைத் தன் பெயரில் இசைத்தட்டாக விடுகிறார். அண்ணாவின் தாள்களைக் காட்டினேன். தன்னுடையதை வேலைக்காரன் பார்த்து எழுதினான் என்கிறார். அந்தத் தாள்கள் யாரிடமிருந்து அவர் கைக்குப் போயின என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி நீங்கள். கேட்டால், “வேலை போயிடும், பிள்ளை” என்கிறீர்கள். எனக்கும் பயம்தான். என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். அவருக்குப் பெரிய இடத்தில் ஆட்கள் உண்டு. பயந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

பியானோ இருக்கைக்குள் அண்ணா விட்டுவைத்த முதற்பிரதித் தாள்களைப் பத்திரமாகத் தந்த சிஞ்ஞோராவுக்கும், முப்பத்தொரு நாளும் எங்கள் அடுப்பைப் பார்த்த மேல்வீட்டு மொரீசியஸ் குடும்பத்துக்கும், பாடை சுமந்தவர்களுக்கும் நன்றி.

சித்தப்பா, இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு பரிமாறமுன், வந்திருக்கும் எல்லோருக்கும் கேட்க எழும்பிப் பதில் சொல்லுங்கள்: அந்தப் பாட்டுகளை எழுதியது யார்?